கபடி ஆடிய கை மனை போடலாம்: சேலத்தில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் காலேஜ் டீமுக்கு ஆடியவர்களிடம், படிப்பு முடிந்த அடுத்த வருடம் யாராவது ஒரு சீனியர் வந்து கட்டாயம் இப்படிச் சொல்வார்: "சும்மாதானே இருக்க தம்பி, சைட் காட்ட வா. கமிஷன்ல பாதி உனக்கு." விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயோ காவல்துறையோ கிடைத்தவர்கள் அதற்குள் கிளம்பியிருப்பார்கள். மிச்சப் பேர் பைக்கை எடுத்துக்கொண்டு ஓமலூர் பக்கமோ அயோத்தியாப்பட்டணம் பக்கமோ கொடி கட்டிய மனைப்பிரிவுகளில் போய் நிற்கத் தொடங்குவார்கள். சில வருடம் கழித்துப் பார்த்தால், அவர்களில் ஒருவர் சொந்தமாக லேஅவுட் போட்டு, அந்த ஏரியாவில் குழாய் உடைந்தால்கூட முதலில் கூப்பிடப்படும் ஆளாக இருப்பார். இன்னொருவர் ஃபோன் நம்பரை மாற்றிவிட்டுத் திருப்பூர் போயிருப்பார்.

இந்த இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் தொடங்கினார்கள். நடுவில் என்னென்ன படிகள் இருக்கின்றன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கபடி, வாலிபால், தடகளம் எது ஆடியவராக இருந்தாலும் பொருந்தும். பெண்களுக்கும் பொருந்தும். வீடு வாங்குவதில் கடைசி வார்த்தை வீட்டுப் பெண்களுடையதாக இருக்கும் ஊர் இது. அவர்களிடம் உட்கார்ந்து பொறுமையாகப் பேசக்கூடிய பெண் ஒருவர் சைட் ஆபீஸில் இருந்தால் அதன் மதிப்பே தனி.

முகத்தை வாடகைக்கு விடாதீர்கள்

விளையாடியவருக்கு இந்தத் தொழிலில் முதலீடு என்று இருப்பது பெயர்தான். "அந்த ரெய்டர் பையன்ல, தெரியும் தெரியும், உள்ள வா" என்று கதவு திறக்கும். பி.டி. சார்கள், காந்தி ஸ்டேடியத்தில் காலையில் நடக்க வரும் டாக்டர்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள், உங்களோடு ஆடிவிட்டு இன்று சப்-இன்ஸ்பெக்டராக இருப்பவர் என்று, மற்ற புரோக்கர்களுக்குப் பத்து வருடம் பிடிக்கும் பழக்கம் உங்களுக்குக் கையில் இருக்கிறது. இது தெரிந்துதான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

ஆகவே முதலில் வரும் ஆபத்தும் அதே வழியில்தான் வரும். உங்கள் படத்தைப் போட்டு, கையில் கோப்பையோடு ஃபிளெக்ஸ் அடிப்பார்கள். "ஏர்போர்ட் 10 நிமிடம்" என்று கீழே இருக்கும். சேலம் விமான நிலையம் காமலாபுரத்தில் இருக்கிறது. சைட் அயோத்தியாப்பட்டணம் பக்கம் என்றால் பத்து நிமிடத்தில் போக ஹெலிகாப்டர் வேண்டியிருக்கும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முகம் கொடுத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். சினிமாக்காரர்களுக்கு மட்டும் என்று அதில் எங்கும் எழுதவில்லை.

படம் போடச் சம்மதிக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். ஃபிளெக்ஸில் ரேரா எண், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்த எண், இருக்கிறதா? பட்டா யார் பெயரில் இருக்கிறது? வாங்குபவர் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது? மூன்றாவது கேள்விக்கு "அதெல்லாம் அண்ணன் பாத்துக்குவார்" என்று பதில் வந்தால், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

சம்பளத்துக்குக் கொஞ்ச காலம், பிறகு சொந்த ரேரா எண்

நேராகக் கமிஷனுக்கு இறங்காமல், ஒழுங்காக நடக்கும் ஒரு புரோமோட்டரிடமோ கட்டுமான நிறுவனத்திடமோ சம்பளத்துக்குச் சேருங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் நிலம் வாங்குவதிலிருந்து கடைசிக் கிரயம் வரை ஒரு முழுச் சுற்றையும் அடுத்தவர் பணத்தில் பார்க்கலாம்.

அமெரிக்காவில் ரோஜர் ஸ்டாபக் என்று ஒரு கால்பந்து வீரர் உண்டு. நம் ஊர்க் கால்பந்து இல்லை, கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அது. கடற்படைக் கல்லூரி அணியில் ஆடி 1963-ல் கல்லூரி வீரர்களுக்கான உச்ச விருதான ஹெய்ஸ்மன் கோப்பையை வாங்கியவர். பிறகு டாலஸ் கவ்பாய்ஸ் அணியில் 1979 வரை ஆடினார். ஆட்டம் இல்லாத மாதங்களில் டாலஸில் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்தில் வேலை பார்த்துத் தொழில் கற்றார். ஆடிக்கொண்டிருக்கும்போதே 1977-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். கட்டட உரிமையாளர்களின் பக்கம் நிற்காமல், இடம் தேடும் கம்பெனிகளின் பக்கம் நின்று பேரம் பேசுவது அந்த நிறுவனத்தின் தனி வழி. 2008-ல் அதை ஜோன்ஸ் லாங் லசால் நிறுவனத்துக்கு அறுபது கோடி டாலருக்கும் மேல் விற்றார். அவர் அளவுக்கு நாம் போகப்போவதில்லை. ஆனால் ஆட்டம் ஓயும் முன்பே தொழில் படித்ததும், வாங்குபவர் பக்கம் நின்றதும் சேலத்திலும் செல்லுபடியாகும்.

ரேரா சட்டம் 2016-ல் வந்தது. தமிழ்நாட்டு விதிகள் 2017-ல் வந்தன. பதிவான திட்டத்தில் மனையோ வீடோ விற்றுக் கொடுக்கும் ஏஜென்டும் தமிழ்நாடு ரேராவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் என்று அபராதம் ஏறும். "நான் புரோக்கர் இல்லீங்க, ஃப்ரெண்டுக்காகப் பேசினேன்" என்பதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கமிஷனை வங்கி வழியாக வாங்கி, வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். நாளைக்கு நீங்கள் லேஅவுட் போட வங்கிக் கடன் கேட்கும்போது அந்தத் தாள்கள்தான் பேசும். கோப்பைகளைப் பார்த்து எந்த மேனேஜரும் கடன் கொடுப்பதில்லை.

ஆடி மாதத்தில் பத்திரப்பதிவு படுத்துவிடும். கோட்டை மாரியம்மன் பண்டிகையில் ஊர் மும்முரமாக இருக்கும்போது கமிஷன்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் கூட்டம் வரும். பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் தரும். வருடத்தில் ஒரு மாதம் வரவு இருக்காது என்று கணக்குப் போட்டுத்தான் செலவு செய்ய வேண்டும்.

காகிதம் படிக்கும் பழக்கம்

இந்தப் படியில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். காலையில் எட்டு கிலோமீட்டர் ஓடச் சொன்னால் ஓடுவார்கள். முப்பது வருடத்து வில்லங்கச் சான்றை உட்கார்ந்து படிக்கச் சொன்னால் கொட்டாவி வரும். வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று விடக்கூடாது. வக்கீல் நீங்கள் கொடுக்கும் காகிதத்தைத்தான் பார்ப்பார். கொடுக்காமல் விட்டதை அவர் எப்படிப் பார்ப்பார்?

வரிசை இதுதான். முதலில் தாய்ப்பத்திரம். நிலம் இப்போது விற்பவர் கைக்கு எப்படி வந்தது என்ற சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒரு தாத்தா இறந்திருந்தால், அவருடைய மகள்கள் எத்தனை பேர், அவர்கள் கையெழுத்து எங்கே என்று கேளுங்கள். "பொண்ணுங்களுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சுங்க" என்பது பத்திரத்தில் நிற்காத வாதம். வாரிசுச் சான்றும், தங்கள் பங்கை விட்டுக்கொடுத்ததாக அவர்கள் எழுதிய விடுதலைப் பத்திரமும் வேண்டும்.

அடுத்து ஈசி என்று எல்லோரும் சொல்லும் வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். ஆனால் பதிவான விவகாரம் மட்டும்தான் அதில் வரும். பதிவு செய்யாத உயில், வாய்ப்பேச்சில் நடந்த பாகப்பிரிவினை, வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்த அக்ரிமென்ட் எதுவும் தெரியாது. அதனால் சுத்தமான ஈசியைக் கையில் வைத்துக்கொண்டே ஊருக்குள் போய் டீக்கடையில் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். நீங்கள் அந்தப் பக்கம் டோர்னமென்ட் ஆடியிருந்தால் டீக்கடைக்காரர் காசு வாங்காமல்கூடச் சொல்லுவார்.

பிறகு பட்டா, சிட்டா, ஏ பதிவேடு, நிலத்தின் எல்லையைக் காட்டும் எஃப்.எம்.பி. வரைபடம். இவற்றை அரசின் இ-சேவைத் தளத்தில் பார்க்கலாம். மாநகராட்சிக்குள் டவுன் சர்வே எண் தனியாக ஓடும். பழைய பத்திரத்தில் இருக்கும் சர்வே எண்ணோடு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்றிருக்கும். விற்பவர் சென்ட் என்பார். வாங்குபவர் சதுரடி என்பார். ஒரு சென்ட் 435.6 சதுரடி, ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். இதை மனக்கணக்காகப் போடும் வரை எந்தப் பேரத்திலும் வாயைத் திறக்காதீர்கள். பட்டாவில் உள்ள அளவைவிடப் பத்திரத்தில் கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் யாருடையது என்று சர்வேயர் சொல்லும் வரை காத்திருங்கள்.

நிலத்தின் வகையையும் பார்க்க வேண்டும். நஞ்சை என்றால் மனையாக்க கலெக்டர் சம்மதம் வரை போக வேண்டியிருக்கும். பஞ்சமி நிலம் என்று தெரிந்தால் தொடவே கூடாது. பட்டியலினத்தவருக்காக ஒதுக்கப்பட்ட நிலம் அது, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. கோயில் நிலம், வக்ஃப் நிலம், புறம்போக்கு ஆகியவற்றின் சர்வே எண்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் தடைப் பட்டியலில் இருக்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தப் பட்டியலைக் கேளுங்கள்.

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற சொல்லை இன்னும் சிலர் பயன்படுத்துகிறார்கள். பஞ்சாயத்துத் தலைவரின் ரப்பர் ஸ்டாம்ப்பை வைத்து மனை விற்ற காலம் 2016-ல் முடிந்தது. அந்த வருடம் செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்து விற்ற மனைகளுக்குத்தான் அது. இன்று புதிதாக ஒரு காட்டைக் காட்டி "பின்னாடி ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்று யாராவது சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று முகத்துக்கு நேராகவே சொல்லலாம்.

பணம் கைமாறும் விதத்திலும் ஒரு கோடு உண்டு. நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். சேலத்தில் "பாதி வெள்ளை, பாதி கருப்பு" என்பதைச் சாப்பாட்டில் உப்பு சேர்ப்பதுபோல இயல்பாகப் பேசுவார்கள். நடுவில் நின்று மூட்டையைத் தூக்கிக் கொடுத்த தம்பியின் பெயர்தான் விசாரணையில் முதலில் வரும்.

மழை பெய்யும்போது போய்ப் பாருங்கள்

விளையாடியவருக்கு இங்கே ஒரு வசதி. உடம்பு சொன்னதைக் கேட்கும். சேற்றில் நடக்க அலுக்காது. சித்திரை வெயிலில் பார்த்த நிலத்தை ஐப்பசி மழையில் மறுபடி போய்ப் பாருங்கள்.

சேலம் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கும் ஊர். வடக்கே சேர்வராயன் மலை, பக்கத்தில் நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. மலையில் பெய்தது கீழே வந்துதான் ஆக வேண்டும். கன்னங்குறிச்சிப் பக்கம் மூக்கனேரி அதற்காகவே இருக்கிறது. திருமணிமுத்தாறு மஞ்சவாடிப் பக்கம் மலையில் பிறந்து ஊருக்கு நடுவே போகிறது. இன்று அதைச் சாக்கடை என்று நினைப்பவர்களே அதிகம். ஓடை, வாய்க்கால் என்று எஃப்.எம்.பி.யில் ஒரு மெல்லிய கோடு இருந்தால், தரையில் அது மறைந்து முள்ளுக்காடாக இருந்தாலும் தண்ணீர் மறக்காது. அந்தக் கோட்டின் மேல் ரோடு போட்டு, அதன் மேல் மனை பிரித்து விற்றவர் யார் என்று முதல் வெள்ளத்திலேயே ஊர் கண்டுபிடித்துவிடும். அது நீங்களாக இருந்தால், பிறகு எந்தச் சங்கத்துக்கும் தலைவராக முடியாது.

இன்னொரு தலைவலி பாறை. கருப்பூர், வெள்ளக்கல்பட்டிப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கம் தோண்டிய ஊர் இது. போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று பக்கத்துத் தோட்டக்காரர் மூன்று பேரிடமாவது கேளுங்கள். நிலம் விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

"இந்தப் பக்கம் பெரிய ரோடு வருது" என்ற பேச்சை வைத்து நிலம் வாங்காதீர்கள். சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு 2018-ல் அளவுக்கல் நட்டார்கள். விவசாயிகள் எதிர்த்தார்கள். 2019-ல் உயர்நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் திட்டத்துக்கு மறுபடி வழிவிட்டது. இந்த ஏற்ற இறக்கத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வட்டி கட்டியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வந்த ரோட்டை வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

முதல் மனைப்பிரிவின் கணக்கு

சிறியதாகத் தொடங்குங்கள். நிலத்துக்காரரோடு கூட்டாகச் செய்வது நல்லது: நிலம் அவருடையது, அப்ரூவலும் ரோடும் விற்பனையும் உங்களுடையது, விற்ற மனையில் பங்கு. வாய்ப்பேச்சு வேண்டாம், பதிவு செய்த ஒப்பந்தம் போடுங்கள். பவர் பத்திரம் மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கினால், எழுதிக் கொடுத்தவர் இறந்த மறுநாள் உங்கள் கதை வேறு மாதிரி ஆகிவிடும்.

இரண்டு ஏக்கரை எடுத்துக்கொள்வோம். 87,120 சதுரடி, அதாவது சுமார் 8,094 சதுர மீட்டர். ரோட்டுக்கு 28 சதவீதம் போகிறது என்று வைத்தால் 24,394 சதுரடி கழியும். மிச்சம் 62,726. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் ரோடு நீங்கலான பரப்பில் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடாகப் போக வேண்டும். அது 6,273 சதுரடி. விற்கக் கையில் இருப்பது 56,453 சதுரடி. 1,200 சதுரடி மனையாக 47 வரும், அதுவும் நிலம் சதுரமாக இருந்தால். நிலத்தைச் சதுரடி 400 ரூபாய்க்கு வாங்கினீர்கள் என்று வையுங்கள். விற்கக்கூடிய சதுரடிக்கு அது இப்போதே 617 ரூபாய். இன்னும் ஜல்லி கொட்டவில்லை, மின்கம்பம் நடவில்லை, வட்டி கட்டவில்லை. "400-க்கு வாங்கி 700-க்கு வித்தா 300 லாபம்" என்று கணக்குப் போட்டு இறங்கியவர்கள்தான் திருப்பூர் பஸ் ஏறுகிறவர்கள்.

500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவு எதுவானாலும் நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரத்தோடு ரேரா பதிவும் வேண்டும். பதிவு எண் வரும் முன் விளம்பரம் செய்யவோ அட்வான்ஸ் வாங்கவோ கூடாது. மீறினால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம். வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் போட்டு, அந்த வேலைக்கே செலவழிக்க வேண்டும். விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு சைட் பணத்தை எடுத்து அடுத்த சைட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதுதான் இந்தத் தொழிலில் மிகப் பழைய வியாதி. அந்த 70 சதவீத விதி உங்களைக் காப்பாற்றத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்குபவரிடம் பதிவுச் செலவையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்து பெண் பெயரில் பதிவானால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. கடைசி நேரத்தில் இந்தத் தொகையைக் கேட்டு முகம் மாறும் குடும்பங்கள் உண்டு.

ரிசர்வ் சைட்டை என்ன செய்கிறீர்கள்

திறந்தவெளி ஒதுக்கீடாகப் போகும் அந்த 6,273 சதுரடிதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். மேற்கு மாவட்டங்களில் ரிசர்வ் சைட் என்போம். விதிப்படி அதைத் தானப்பத்திரம் போட்டு உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரையான இடத்தில் அதற்குப் பதிலாக அரசின் கைடுலைன் மதிப்பில் பணம் கட்டவும் விதியில் ஒரு வழி உண்டு. பலர் அந்தக் கதவைத்தான் முதலில் தட்டுகிறார்கள். இடமாகக் கொடுக்கிறவர்களிலும் நிறையப் பேர் உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே இருக்கும் முக்கோணத்தையோ ஓடை ஓரத்துப் பள்ளத்தையோ ஒதுக்கிவிடுவார்கள். வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்திருக்கும்; போய்ப் பார்த்தால் சீமைக்கருவேலம் நிற்கும். ஐந்து வருடத்தில் பக்கத்து மனைக்காரர் அங்கே மாட்டுக்கொட்டகை போட்டிருப்பார்.

நீங்கள் மைதானம் தேடி அலைந்தவர். வேறு டீம் வரும் முன் போய் இடம் பிடித்தவர். உங்களுக்காவது இதில் வேறு கணக்கு இருக்க வேண்டும். 6,273 சதுரடி என்பது 583 சதுர மீட்டர். வாலிபால் கோர்ட் 18 மீட்டருக்கு 9 மீட்டர். நாலு பக்கமும் 3 மீட்டர் விட்டால் 24-க்கு 15, அதாவது 360 சதுர மீட்டர். ஆண்கள் கபடித் தளம் 13-க்கு 10. இரண்டு ஏக்கர் லேஅவுட்டிலேயே ஒரு முழு வாலிபால் கோர்ட்டும், பெரியவர்கள் உட்கார நாலு பெஞ்ச்சும், ஒரு வேப்பமர வரிசையும் வைக்க இடம் இருக்கிறது. வடிவம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். ஆகவே ரோடு கோடு போடும் முன்பே அந்தச் செவ்வகத்தைப் போடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமாவது ரோடு தொட வேண்டும். அப்போதுதான் யாரும் வேலியை நகர்த்த முடியாது. கோர்ட்டின் நீளம் வடக்கு தெற்காக இருந்தால் சாயங்கால வெயில் கண்ணில் அடிக்காது. ஆர்க்கிடெக்ட்டுக்கு இது தோன்றாது, ஆடியவருக்குத்தான் தெரியும்.

தானப்பத்திரம் பதிவாகும் முன்பே தரையைச் சமன்படுத்தி, கம்பிவேலி போட்டு, ஒரு குழாய் வைத்துவிடுங்கள். பதிவான பிறகு அது உள்ளாட்சியின் சொத்து. ஒரு கம்பம் நடவும் அவர்கள் அனுமதி வேண்டும். உங்கள் பெயரை அதற்கு வைக்க ஆசைப்படாதீர்கள். சாயங்காலம் பிள்ளைகள் ஆடும் கோர்ட் உள்ள மனைப்பிரிவில் மனை தேங்குவதில்லை என்பது என் அனுபவம். அடுத்த லேஅவுட்டுக்கு ஆள் பிடிக்க ஃபிளெக்ஸ் தேவைப்படாது.

நம் மாவட்டத்திலேயே பாருங்கள். சின்னப்பம்பட்டி நடராஜன் இந்திய அணிக்கு ஆடிய பிறகு சொந்த ஊரில் கிரிக்கெட் மைதானம் அமைத்து 2023-ல் திறந்தார். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கிலும் உயரம் தாண்டிப் பதக்கம் வாங்கினார். பள்ளியில் ஒரு உடற்கல்வி ஆசிரியர் கண்ணில் பட்டதில் தொடங்கியது அது. அந்த மாதிரி ஒரு பிள்ளை உங்கள் லேஅவுட்டில் குடிவந்தால், குதிக்க இடம் இருக்குமா?

சங்கம் வைப்பது

மனைகளில் பாதிக்கு மேல் புக்கிங் ஆனதும், மூன்று மாதத்துக்குள் வாங்கியவர்கள் சங்கம் அமைக்க வழிசெய்ய வேண்டும் என்று ரேரா சட்டமே சொல்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஏழு பேர் இருந்தால் போதும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். நீங்களே தலைவராகாதீர்கள். விற்றவரே தலைவராக இருந்தால், ரோட்டில் பள்ளம் விழுந்தது என்று யார் யாரிடம் கேட்பது? ஓய்வுபெற்ற ஆசிரியரோ போஸ்ட் மாஸ்டரோ ஒருவர் எல்லா லேஅவுட்டிலும் இருப்பார், அவரைப் பிடியுங்கள். நீங்கள் கூட்டத்துக்குப் போய், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தால் போதும்.

சங்கக் கணக்கு இரண்டு கையெழுத்தில் ஓட வேண்டும். தெருவிளக்கு, சாக்கடை, நாய்த்தொல்லை, பிள்ளையார் கோயில் வசூல் என்று சண்டைக்குப் பஞ்சமே இருக்காது. இதில் கேப்டனாக இருந்த பழக்கம் உதவும்: சத்தம் போடுகிறவரை விட்டுவிட்டு, மூலையில் பேசாமல் இருப்பவரிடம் முதலில் கேட்பது.

மாநகராட்சிக்குள் என்றால் வார்டு கமிட்டியும் பகுதி சபையும் இருக்கின்றன. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று நாலு மண்டலம், 60 வார்டு. ஊராட்சி என்றால் வருடத்தில் ஆறு நாள் கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போய் உட்காருங்கள். பேசுவதை எழுத்தில் கொடுத்து, தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். மூக்கனேரியை 2010-ல் சேலம் மக்கள் குழு தத்தெடுத்து, கரையைச் சரிசெய்து, ஏரிக்குள் திட்டுகள் போட்டு மரம் வைத்தது. பொதுமக்கள் பணமும் உழைப்பும் அதில் இருக்கின்றன. அங்கே பறவை பார்க்க வருகிறவர்களுக்கு அதற்கு முன் அது எப்படி இருந்தது என்று தெரியாது. அப்படி ஒரு வேலையில் சனி, ஞாயிறு மண்வெட்டி பிடிக்க டீம் பையன்களைக் கூட்டிப் போங்கள். ஃபோட்டோ பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

மலைக்கு இப்போதே ஏற வேண்டாம்

சேலத்தில் இரண்டு சைட் விற்றதும் எல்லோருக்கும் ஏற்காடு ஆசை வரும். "வில்லா பிளாட், மிஸ்ட் வியூ" என்று பெங்களூர் பார்ட்டிகள் கேட்பார்கள். கீழே செல்லும் விதிகள் மேலே அப்படியே செல்லாது. ஏற்காட்டுக் கிராமங்கள் 1990-லிருந்து மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகின்றன. லேஅவுட்டுக்கு வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும். சரிவு எத்தனை டிகிரி, மண் நிற்குமா, மரம் வெட்ட வேண்டுமா என்று எல்லாம் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். 2024 டிசம்பர் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

நில வரலாறும் வேறு. காபி எஸ்டேட்டுகள் தோட்டப்பயிர் என்ற காரணத்தால், ஒருவர் எவ்வளவு நிலம் வைத்திருக்கலாம் என்ற நில உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்றவை. அதைத் துண்டு போட்டு மனையாக்கினால் அந்த விலக்கே கேள்விக்குள்ளாகும். மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அரசு கொடுத்த நிலங்கள் பல நிபந்தனைப் பட்டாவில் இருக்கும். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதாலேயே அவற்றின் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. மாரமங்கலம், நாகலூர்ப் பக்கம் யாராவது "மலிவா முடிச்சுத் தரேன்" என்றால் பட்டாவின் பின்பக்க நிபந்தனையைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். அந்த மக்களிடமிருந்து நிலத்தைக் கழற்றி விற்ற பெயரோடு கீழே வந்து கிராமசபையில் உட்கார முடியாது.

மலையில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், ஏற்கெனவே உள்ள பழைய பங்களாவைப் புதுப்பித்துத் தங்கும் விடுதியாக நடத்துவதில் தொடங்கலாம். அதற்கும் அனுமதி வேண்டும். ஆனால் மலையை வெட்ட வேண்டியதில்லை.

தேர்தலுக்கு நிற்கச் சொல்வார்கள்

சங்கம் ஓடி, கோர்ட்டில் விளக்கு எரிந்து, ஏரிக்கரையில் நாலு ஞாயிறு போனால் அடுத்ததாகக் கட்சிக்காரர் வீட்டுக்கு வருவார். "வார்டுல நில்லுங்க, செலவ நாங்க பாத்துக்கறோம்." ராஜாஜியே 1917-ல் இதே சேலத்தில் நகராட்சித் தலைவரானவர்தான், நிற்பதில் தப்பில்லை. ஆனால் நிற்கும் முன் கணக்குப் பார்க்க வேண்டிய விஷயங்கள் உண்டு. மாநகராட்சியோடு உங்களுக்கு ஒப்பந்த வேலை எதுவும் இருந்தால் அது பதவிக்கே உலை வைக்கும். உங்கள் நிறுவனம் டெண்டர் எடுத்திருந்தால் முன்பே முடித்து வெளியேறுங்கள். கூட்டாளி பெயருக்கு மாற்றிவிட்டு உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். எதிர்த்து நிற்பவருக்கும் தெரியும்.

உங்கள் லேஅவுட்டின் ரோடுகளும் ரிசர்வ் சைட்டும் தானப்பத்திரமாகப் பதிவாகி, மாநகராட்சி ஒப்புக்கொண்ட கடிதம் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் கவுன்சிலரானால், உங்கள் கோப்பு நீங்கள் உட்கார்ந்திருக்கும் மன்றத்துக்கே வரும். அன்று எழுந்து வெளியே போக வேண்டியிருக்கும். ரேராவில் திட்டம் முடிந்ததற்கான அறிக்கைகளைத் தாக்கல் செய்து, தனிக் கணக்கை ஆடிட்டரிடம் காட்டி முடித்துவிடுங்கள். மனை வாங்கியவர்கள் பெயருக்குப் பட்டா மாறிவிட்டதா என்று ஒவ்வொருவராகக் கேட்டுச் சரிபாருங்கள். அவர்களில் சிலர் வாங்கி மூன்று வருடமாகியும் மனு கொடுக்காமல் இருப்பார்கள். வேட்பு மனுவில் சொத்து விவரம் எழுதும்போது, விற்காமல் கையில் இருக்கும் மனைகளின் எண்ணையும் அளவையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.